மருந்துச்சீட்டு எழுதக் கற்பித்தல்: மானிப்பாய் முதல் இன்றைய தமிழ்நாட்டு மருத்துவக் கல்வி வரை

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவ மாணவர் மருந்துகளைப் பற்றிக் கற்பதும், ஒரு நோயாளிக்கு மருந்து எழுதக் கற்பதும் ஒன்றல்ல. முன்னது மருந்தியல் அறிவு. பின்னது முடிவெடுக்கும் திறன். இவ்விரண்டிற்கும் இடையிலான இடைவெளியை மருத்துவக் கல்வி எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 1994-ஆம் ஆண்டு வழிகாட்டி, இலங்கையில் சேனக பிபிலேயின் முயற்சி, மானிப்பாயில் கிறீன் நடத்திய தமிழ்வழி மருத்துவ வகுப்புகள், 2019 முதல் நடைமுறையில் உள்ள இந்தியத் திறன்சார் பாடத்திட்டம் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நோயாளியிடம் தமிழில் சொல்லப்படும் விளக்கம் மருந்துச்சீட்டின் புறத்தே நிற்பதன்று, அதன் ஒரு பகுதியே என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மருந்துச்சீட்டு, மருந்தியல் கல்வி, இன்றியமையா மருந்துகள், பொதுப்பெயர், மானிப்பாய், மருத்துவத் தமிழ்

முன்னுரை

மேலநீலிதநல்லூர் போன்ற ஓர் ஊரிலிருந்து காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கு வரும் தாய், மருத்துவரின் அறையில் இருப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களின் விளைவாக அவள் கையில் எஞ்சுவது ஒரு துண்டுத் தாள். நோயறிதல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், மருந்தின் பெயரிலோ அளவிலோ காலத்திலோ பிழை நேர்ந்தால் அந்த நுட்பம் பயனற்றுப் போகிறது. மருத்துவர் செய்யும் செயல்களில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது மருந்து எழுதுவதே. ஆயினும் அது தனித்த திறனாகக் கற்பிக்கப்படத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான் என்பது வியப்பளிக்கும் செய்தி.

எழுத்துப் பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மெத்தோட்ரெக்ஸேட் ஒரு சான்று. மூட்டுவாத நோய்க்கு இம்மருந்து வாரம் ஒரு முறை மட்டுமே தரப்படுகிறது. 'வாரம் ஒரு முறை' என்பது விடுபட்டு நாள்தோறும் உட்கொள்ளப்பட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே கேடு விளையும். பல நாடுகளில் இவ்வாறு இறப்புகள் நேர்ந்துள்ளன. பெயர் ஒப்புமையும் இத்தகையதே. லோசெக் என்னும் வயிற்றுப்புண் மருந்தும் லேசிக்ஸ் என்னும் சிறுநீர்ப்பெருக்கி மருந்தும் கையெழுத்தில் ஒன்றுபோல் தோன்றியமையால், அமெரிக்காவில் 1990-இல் முன்னதன் வணிகப்பெயரையே பிரிலோசெக் என மாற்ற நேர்ந்தது.

இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, 1,24,260 மருந்து ஆணைகளைப் பரிசீலித்து அவற்றுள் 11,077 பிழைகளைக் கண்டது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது. இப்பிழைகள் புதிதாகப் பட்டம் பெற்றோரிடம் மட்டும் காணப்படவில்லை. மூத்த மருத்துவரிடமும் இருந்தன. எனவே 'அனுபவம் வந்தால் சரியாகிவிடும்' என்ற பழைய நம்பிக்கை போதாது. பழகிய பிழை அனுபவத்தால் திருந்துவதில்லை, உறுதிப்படுகிறது.

நிகண்டும் செய்யுளும்

மரபான மருந்தியல் பாடநூல் மருந்துகளை வகைப்படுத்தி அடுக்குகிறது. ஒவ்வொரு மருந்தின் கீழும் செயல்முறை, பயன், பக்கவிளைவு, அளவு என்பன வருகின்றன. மாணவர் மருந்திலிருந்து நோய்க்குச் செல்கிறார். ஆனால் புறநோயாளிப் பிரிவில் அமர்ந்திருக்கும் மருத்துவர் எதிர்த்திசையில் செல்ல வேண்டியவர். அவர் முன் இருப்பது மருந்தன்று, மனிதர். நிகண்டு முழுவதையும் மனப்பாடம் செய்தவர் அதனாலேயே செய்யுள் இயற்றிவிட முடியாது என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். மருந்தியல் கல்வி நெடுங்காலம் நிகண்டுக் கல்வியாகவே இருந்தது.

செய்முறை வகுப்புகளும் இதனை ஈடுசெய்யவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்திய மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் செய்முறை என்றால் கலவை மருந்தும் களிம்பும் தயாரித்தலும், தவளையின் இதயத்திலும் முயலின் கண்ணிலும் மருந்தின் விளைவைக் காணுதலுமே. மருந்துகள் ஆலைகளிலிருந்து அட்டைகளில் வரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் மாணவர் கலவை கலக்கிக்கொண்டிருந்தனர். கால வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்தியல் இரண்டாம் கட்டப் படிப்போடு முடிகிறது. மாணவர் உண்மையில் மருந்து எழுதுவதோ பயிற்சி மருத்துவராகும் இறுதிக் காலத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் கற்றது மங்கிவிட, மூத்தவர் எழுதுவதைப் பார்த்து எழுதும் வழக்கமே ஆசானாகிறது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக மருந்தியல் துறையில் உருவான கற்பித்தல் முறை இந்தத் திசையை மாற்றியது. டி விரீஸ், ஹென்னிங், ஹோகர்சைல், ஃப்ரெஸ்லே ஆகியோர் எழுதிய 'நல்ல முறையில் மருந்து எழுதுவதற்கான வழிகாட்டி'யை உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் வெளியிட்டது. அதன் மையக் கருத்து 'தன்தேர்வு மருந்து' என்று தமிழில் கூறத்தக்கது. தாம் அடிக்கடி காணும் ஒவ்வொரு நோய்க்கும் மாணவர் முன்கூட்டியே, அமைதியாக அமர்ந்து, பயன்திறன், பாதுகாப்பு, பொருத்தம், விலை ஆகிய நான்கையும் ஒப்பிட்டு ஒரு முதன்மை மருந்தைத் தேர்ந்து வைத்துக்கொள்கிறார். பின்னர் நோயாளி வரும்போது, 'இந்த நோய்க்கு எது?' என்று புதிதாகத் தேட வேண்டியதில்லை. 'நான் தேர்ந்த மருந்து இவருக்குப் பொருந்துமா?' என்று மட்டும் கேட்டால் போதும்.

இம்முறை பயன்தருமா என்பதும் சோதிக்கப்பட்டது. புது தில்லி, காத்மாண்டு, யோக்யகர்த்தா, லாகோஸ், குரோனிங்கன், நியூகாசில், சான் பிரான்சிஸ்கோ ஆகிய ஏழு இடங்களின் மருத்துவப் பள்ளிகளைச் சேர்ந்த 219 மாணவரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1995-இல் லான்செட் இதழில் வெளியானது. குறுகிய காலப் பயிற்சி பெற்றோர், வகுப்பில் பேசப்பட்ட நோயாளிச் சிக்கல்களில் மட்டுமன்றிப் பேசப்படாத புதிய சிக்கல்களிலும் பயிற்சி பெறாதோரினும் மேம்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் அத்திறன் நிலைத்திருந்தது. மனப்பாடம் இவ்வாறு புதியதற்குத் தாவுவதில்லை.

ஆறு படிகள்: ஒரு காய்ச்சலை முன்வைத்து

அவ்வழிகாட்டி கூறும் படிகள் ஆறு. நோயாளியின் சிக்கலை வரையறுத்தல், சிகிச்சையின் நோக்கத்தைத் தெளிதல், தேர்ந்த மருந்தின் பொருத்தத்தைச் சரிபார்த்தல், சீட்டு எழுதுதல், விளக்கமும் எச்சரிக்கையும் கூறல், தொடர்ந்து கண்காணித்தல் அல்லது நிறுத்துதல் என்பன அவை. பட்டியலாகப் படிக்கையில் இவை வெளிப்படையாகத் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கையில்தான் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு பிழை ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும்.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று கொள்வோம். சிக்கல் 'காய்ச்சல்' என்று எழுதிவிட்டால் முதற்படியே தவறுகிறது. டெங்கு பரவும் பருவமா, குழந்தை நீர் அருந்துகிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்பன சிக்கலின் பகுதிகள். நோக்கம் வெப்பமானியின் எண்ணைக் குறைப்பதன்று. குழந்தையின் துன்பத்தைத் தணித்து அது நீரருந்தும்படி செய்வது. இந்நோக்கம் தெளிந்தால் பாரசிட்டமால் போதும் என்பதும், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு இங்கு இடமில்லை என்பதும், ஊசி தேவையில்லை என்பதும் தாமே விளங்கும். டெங்கு ஐயம் இருக்கையில் இபுபுரோஃபென் போன்றவை இரத்தக்கசிவு இடரைக் கூட்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு நிமெசுலைடு தருவது இந்தியாவில் 2011-இல் தடைசெய்யப்பட்டது. இது பொருத்தத்தைச் சரிபார்க்கும் படி.

அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் இக்குழந்தைக்கு 150 மில்லிகிராம். இதற்குப் பின்வரும் கணக்கே மிகக் கவனத்திற்குரியது. கடையில் கிடைக்கும் பாரசிட்டமால் நீர்மங்கள் ஒரே செறிவினவல்ல. 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள குப்பியானால் 6 மில்லிலிட்டர் தர வேண்டும். 250 மில்லிகிராம் உள்ளதானால் 3 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லிலிட்டர். சீட்டில் செறிவைக் குறிக்காமல் '6 மி.லி.' என்று மட்டும் எழுதினால், இரண்டாவது குப்பியில் அது இரு மடங்காகும். சொட்டு மருந்தில் 600 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்காகும். இது கல்லீரலைத் தாக்கும் பாதையின் தொடக்கம். மருத்துவர் மனத்தில் நினைத்தது சரி. தாளில் எழுதியது முழுமையற்றது.

ஐந்தாம் படியில் அளக்கும் கருவி வருகிறது. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இரா. தென்மாவட்டங்களில் பாலாடையால் மருந்து புகட்டும் வழக்கம் இன்றும் உண்டு. பாலாடையில் அளவுக்கோடு இல்லை. குப்பியோடு வரும் அளவுக்கிண்ணத்தை எடுத்து, எந்தக் கோடு வரை என்று விரலால் காட்டுவது அரை நிமிடச் செயல். அதனைச் செய்யக் கற்ற மாணவர் செய்வார். கல்லாதவருக்கு அது தோன்றவே தோன்றாது. அடுத்த வேளைக்கு இடையே குறைந்தது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்காணிப்பில் ஒரு நுட்பம் உண்டு: டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே இடர்மிகு காலம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்ந்து துவளல், இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே திரும்பி வரவேண்டும். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று தாய் ஆறுதலடையும் நாளில்தான் இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. முன்பே சொல்லப்படாவிடில் பயனில்லை.

சிறிய பட்டியலின் ஆற்றல்

தன்தேர்வு மருந்து என்னும் கருத்து தனிமருத்துவருக்குரியது. அதன் நாடளாவிய வடிவமே இன்றியமையா மருந்துப் பட்டியல். உலக நலவாழ்வு நிறுவனம் தன் முதல் பட்டியலை 1977-இல் வெளியிட்டபோது அதில் ஏறத்தாழ 200 மருந்துகளே இருந்தன. அதற்கு முன்பே இவ்வழியில் சென்றவர் இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் முதலில் ஆசிரியர். மருத்துவமனைகளுக்கான மருந்துக் கையேட்டை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர். பின்னர் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. தனியார் துறையில் இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துவகைகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. பிபிலே 1977-இல் கயானாவில் காலமானார். அவரது பணி வணிகக் கொள்கையாகவே பெரிதும் பேசப்படுகிறது. அது வகுப்பறையிலிருந்து எழுந்த கொள்கை என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இரண்டாயிரம் பெயர்களுக்கிடையே எவரும் நன்றாக மருந்து எழுதக் கற்க முடியாது.

தமிழ்நாட்டில் 1994-இல் தோற்றுவிக்கப்பட்டு 1995 தொடக்கத்தில் செயற்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வரையறுத்த பட்டியலில் உள்ள மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி இது. இதன் கல்விப் பயன் எண்ணத்தக்கது. பாளையங்கோட்டையில் அமைந்துள்ள, 1965-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பயிலும் மாணவர் பொதுப்பெயர்களின் நடுவே வளர்கிறார். ஆனால் பட்டம் பெற்றுத் தனியார் மருத்துவமனைக்குச் சென்ற முதல் வாரமே வணிகப்பெயர்களின் உலகில் நுழைகிறார். அங்கு ஆசிரியராக வந்து நிற்பவர் மருந்து நிறுவனப் பிரதிநிதி.

மானிப்பாய் வகுப்பறை

மருந்து எழுதும் கல்வியைத் தமிழோடு இணைத்துப் பார்க்கும்போது மானிப்பாயைத் தவிர்க்க இயலாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மாணவர் பயிற்சியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டு நீங்கினர். தமிழில் கற்றவர் தமிழ்ச் சிற்றூர்களிலேயே தங்குவர் என்ற எண்ணத்தோடு, விடுப்பிலிருந்து 1862-இல் திரும்பிய பின் 1864-இல் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். இரணவைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872-இலும் வெளிவந்தன.

இந்நூல் வரிசையில் இந்திய மருந்துநூலின் தமிழாக்கமும் இடம்பெறுவது இக்கட்டுரைக்கு முதன்மையானது. உடலமைப்பையும் அறுவை முறையையும் தமிழில் தந்த ஒருவர் மருந்துப்பொருள், அளவு, தயாரிப்பு ஆகியவற்றையும் தமிழில் தராவிடில் அவர் மாணவர் சிகிச்சை செய்ய இயலாது என்பதை உணர்ந்திருந்தார் எனலாம். மூலநூல் வேரிங் பதிப்பித்து 1868-இல் வெளியான இந்திய ஃபார்மகோபியா. அதற்கு மறு ஆண்டே சென்னை மருத்துவர் மூதீன் ஷெரீப் ஒரு துணைநூல் வெளியிட்டு, மருந்துச் செடிகளின் பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தொகுத்தார். நாட்டு மருந்துக்கடையில் ஒரே பெயர் இருவேறு செடிகளுக்கும், ஒரே செடிக்குப் பல பெயர்களும் வழங்கின. பெயர் மயக்கத்தால் மருந்து மாறும் இடர் லோசெக்கும் லேசிக்ஸும் தோன்றுவதற்கு நூற்றாண்டுக்கு முன்பே சென்னைக் கடைவீதியில் இருந்தது.

கிறீனின் கலைச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. கடுமையான வடமொழிச் சார்பு அதற்கொரு காரணம். ஆயினும் மருந்தளிப்பவர் எந்த மொழியில் சிந்திக்கிறார் என்ற கேள்வியை அவர் செயலால் எழுப்பினார். அந்தக் கேள்வி பின்னர் கலைச்சொல்லாக்க விவாதமாகச் சுருங்கிவிட்டது.

பாடத்திட்டமும் தேர்வும்

இந்தியாவில் 2019-20 கல்வியாண்டில் சேர்ந்த மாணவர் முதல் திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் மருந்தியல் பகுதி மேலே கூறிய குறைகளுக்கு நேரடியான விடை. பொதுப்பெயரில், தெளிவாக, பகுத்தறிந்து சீட்டு எழுதி அதை நோயாளிக்கு விளக்குதல். பிறர் எழுதிய சீட்டைத் திறனாய்தல். மருந்து நிறுவன விளம்பரத் தாளை மதிப்பிடுதல். நிறுவனப் பிரதிநிதியோடு உரையாடுதல். பாதகவிளைவை இனங்கண்டு தெரிவித்தல். தன்தேர்வு மருந்துப் பட்டியல் தயாரித்தல் ஆகியவை மாணவர் அடைய வேண்டிய திறன்களாக வரையறுக்கப்பட்டுள்ளன. விலங்குச் சோதனைகளின் இடத்தைக் கணினிப் பாவனைகள் பெற்றுள்ளன. சட்ட அளவில், மருத்துவர் நடத்தை விதிகளில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், பொதுப்பெயரில் தெளிவாகவும், இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் மருந்து எழுத வேண்டும் எனக் கூறுகிறது. பொதுப்பெயரைக் கட்டாயமாக்கிய 2023 ஆகஸ்டு விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன.

திட்டம் நன்று, தேர்வு அதனோடு ஒத்துச் செல்கிறதா என்பதே ஐயம். மாணவர் தேர்வுக்கு உரியதையே கற்பர். பிரித்தானியாவில் 2014 முதல் இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் நடத்தப்படும் மருந்தெழுதல் பாதுகாப்புத் தேர்வு இரண்டு மணி நேரம், 60 வினாக்கள் கொண்டது. அதில் மருந்துக் கையேட்டைப் பார்த்து விடையளிக்கலாம். இது சலுகையன்று, பார்த்து எழுதுவதே பாதுகாப்பான பழக்கம் என்ற கொள்கை. நம் நாட்டில் கையேட்டைப் புரட்டும் மருத்துவரை நோயாளி 'தெரியாதவர்' என்று எண்ணிவிடுவாரோ என்ற அச்சம் மருத்துவருக்கு உண்டு. நினைவாற்றலை மட்டும் அளக்கும் தேர்வு அந்த அச்சத்தை வளர்க்கிறது.

இதன் விலை தனி நோயாளியோடு நிற்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை, கார்பபெனெம் மருந்துகளையும் முறியடிக்கும் நொதியைக் கொண்ட பாக்டீரியங்கள் சென்னை நோயாளிகளிடம் இருப்பதைக் காட்டியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தவும் மருத்துவப் பாடத்திட்டத்தில் தொற்றுநோய்க் கல்வியை மிகுவிக்கவும் வற்புறுத்தியது. 46 மருந்துகளை உள்ளடக்கிய எச்-1 அட்டவணை 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரரைப் பதிவேடு எழுதச் செய்ய விதியால் முடியும். சளிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எழுதாமல் இருக்கும் துணிவை வகுப்பறைதான் தர வேண்டும்.

சீட்டில் இல்லாத சொற்கள்

புதிய பாடத்திட்டம் 'நோயாளிக்கு விளக்குதல்' என்கிறது. எந்த மொழியில் என்பதை அது சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என எண்ணியிருக்கலாம். தமிழ்நாட்டு மாணவர் ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் சீட்டெழுதி, தமிழில் பேச வேண்டியவர். வீட்டில் தமிழ் பேசுவதால் இது தானே வந்துவிடும் என்று கருதுவது பிழை. '1-0-1' என்பதைச் சொல்லாக்கும்போதே சிக்கல் தொடங்குகிறது. சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடத்தில் இரவு முறை பார்ப்பவருக்குக் 'காலை' என்பது உறங்கச் செல்லும் நேரம். 'சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை' என்றால், இருவேளை உண்பவர் இருவேளையே மருந்தும் உண்பார். தும்மலுக்கு எழுதப்படும் குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைப்பது. ஓடும் தறியருகே நிற்பவருக்கு அது விரலிழப்பாக முடியலாம். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பது மரியாதைப் பேச்சன்று, பொருத்தம் சரிபார்க்கும் மூன்றாம் படி.

நோயாளியிடமும் சொற்கள் உண்டு. 'இந்த மருந்து சூடா?', 'பத்தியம் உண்டா?', 'ஊசி போட மாட்டீர்களா?' என்பவற்றை அறியாமை என ஒதுக்கும் மாணவர் ஒரு வாய்ப்பை இழக்கிறார். 'சூடு' என்ற சொல்லுக்குள் வயிற்றெரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு ஆகியன அடங்கும். பாதகவிளைவைத் தெரிவிக்க அவர்களிடம் உள்ள சொல் அதுவே. பத்தியம் பற்றிய கேள்வி, மருந்தும் உணவும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற அறிவின் மரபு வடிவம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு உண்ணலாகாது, மெட்ரோனிடசோல் உண்ணும் நாளில் மது கூடாது என்பவற்றைப் 'பத்தியம்' என்ற சொல்லாலேயே சொல்லிவிடலாம்.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் அட்டையைக் கத்தரித்துத் தேவையான மாத்திரைகளை மட்டும் தருகையில், பெயரும் காலாவதி நாளும் சில வேளைகளில் மறு துண்டோடு போய்விடுகின்றன. வீடு சேர்ந்த பின் நோயாளிக்கு அடையாளமாக எஞ்சுவது நிறமும் வடிவமும், 'வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை இரவில்' என்ற வாய்மொழியும்தான். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வேறு நிறத்தில் வரும்போது அந்த வாய்மொழி பொய்யாகிறது. ஆதலால் நோயாளி கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்து, திரும்பி வந்த விடையில் எந்த இடம் பிசகியதோ அந்த இடத்தை மட்டும் மீண்டும் விளக்கும் முறை செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பெறத்தக்கது. அத்தேர்வை நடத்தும் மருந்தியல் ஆசிரியரோடு, அவ்வட்டார வழக்கை அறிந்த தமிழாசிரியர் ஒருவரும் அமர்ந்து மாணவரின் விளக்கத்தைக் கேட்கலாம்.